பத்து எம்.எம். நீராவி எஞ்சின்: பாகங்களை எதில் கடைவது?

உள்ளங்கையில் அடங்கும் நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்ய ஆசை. வரைபடம் கையில் இருக்கிறது, பித்தளைக் கம்பியும் வாங்கியாயிற்று. பலர் நின்றுவிடுவது அதற்கு அடுத்த படியில்தான். தெருமுனை லேத் பட்டறையில் கொடுத்துக் கடையச் சொல்வதா? வீட்டுக்கே ஒரு மினி லேத் வாங்கிவிடுவதா? பழைய கடிகார லேத் ஒன்று விலைக்கு வருகிறதே, அதை எடுப்பதா? இல்லை, கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரத்துக்கு அனுப்புவதா?

முழு எஞ்சினுக்கும் ஒரே இடம் என்று தேடுவதால்தான் இந்த இழுபறி. சிலிண்டர் ஊசலாடும் வகை எஞ்சினில் ஏறத்தாழ இருபது பாகங்கள் இருக்கும். ஓடுமா ஓடாதா என்பது அவற்றில் ஐந்தின் கையில்: சிலிண்டர் துளை, பிஸ்டன், தண்டு நுழையும் இடத்தில் நீராவி கசியாமல் அடைக்கும் கிளாண்ட், சிலிண்டர் ஆடுகிற பிவட் பின், நீராவித் துளைகள் உள்ள முகம். மற்றவை கால் மி.மீ. தவறினாலும் எஞ்சின் ஓடும். இந்த ஐந்தையும் எதில் ஒழுங்காக எடுக்க முடியும் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கணக்குக்கு ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் துளை 10 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 16 மி.மீ., பிஸ்டன் தண்டு 3 மி.மீ., மேலும் கீழும் நீராவி தள்ளும் இரட்டைச் செயல் வகை.

## எதை வைத்து எடை போடுவது

சுற்று வேகம். நிமிடச் சுற்று = 1000 × வெட்டு வேகம் (மீட்டர்/நிமிடம்) ÷ (3.14 × விட்டம்). பித்தளைக்கு எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலில் 60 மீட்டர் வைத்தால், 3 மி.மீ. கம்பி நிமிடத்துக்குச் சுமார் 6,400 சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த வேகம் இல்லாமலும் கடையலாம். டூல் கூராக இருந்தால் மெதுவான சுற்றிலும் பித்தளை நன்றாகவே வரும். துளை போடுவதில்தான் வேகக் குறைவு பழி வாங்கும். 1 மி.மீ. டிரில் 800 சுற்றில் வெட்டுவது நிமிடத்துக்கு இரண்டரை மீட்டர்தான். கை அதே வேகத்தில் தள்ளினால் ஒவ்வொரு சுற்றிலும் டிரில் தாங்க முடியாத அளவு உலோகத்தைக் கடிக்கும், ஒடியும்.

வளைவு. சக்கிலிருந்து (கம்பியைக் கவ்விச் சுற்றும் தாடைப் பிடி) வெளியே நீட்டி நிற்கும் கம்பியின் விட்டம் பாதியானால் வளைவு 16 மடங்கு. நீளம் இரட்டித்தால் 8 மடங்கு. விட்டத்தைப் போல மூன்று பங்குக்கு மேல் வெளியே நீட்டாதீர்கள்.

ஒரே பிடியில் முடிவது. கம்பியைக் கழற்றி மறுபடி மாட்டினால் மையம் விலகும். பழகிய மூன்று தாடைச் சக்கில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ஆட்டம் இருப்பது சாதாரணம். கம்பியைச் சுற்றிலும் கவ்வும் கீறிய குழாய்தான் காலெட்; நல்ல ஈ.ஆர். வகைக் காலெட்டில் 0.01 முதல் 0.02. நம் பிஸ்டனுக்கும் துளைக்கும் இடையே விடும் இடைவெளியே 0.02 முதல் 0.03தான் என்றால், சக்கின் ஆட்டம் ஒன்றே எஞ்சினைக் கெடுக்கப் போதும்.

யார் அளக்கிறார்கள். நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். இடைவெளி இரட்டித்தால் கசிவு எட்டு மடங்காகும். பிஸ்டனை எண்ணைப் பார்த்துக் கடைந்தால் போதாது, அந்தச் சிலிண்டரிலேயே போட்டுப் பார்த்து முடிக்க வேண்டும். லேத்தின் முன்னால் நிற்பவருக்கு அதற்குப் பொறுமை இருக்கிறதா என்பதே கேள்வி.

எத்தனை முறை கெடும். 2 மி.மீ. பின் முதல் முறையே சரியாக வந்துவிடாது. இரண்டு மூன்று கெட்ட பிறகுதான் ஒன்று தேறும். ஒவ்வொரு தடவையும் வண்டியை எடுத்துக்கொண்டு மதுரை கே.புதூர்ப் பட்டறைக்குப் போக வேண்டுமா, நாற்காலியை நகர்த்தினால் போதுமா?

## பட்டறை லேத்

மதுரையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளைத் தவிர, தெருவோரங்களில் ஒற்றை லேத் வைத்திருக்கும் பட்டறைகளும் உண்டு. அவர்களுடைய அன்றாட வேலை போர்வெல் மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் பின், செல்லூர்ப் பக்கம் என்றால் தறிச் சாமான். கை தேர்ந்தவர்கள். ஆனால் அந்த வேலைகளில் 0.1 மி.மீ. பெரிய விஷயம் இல்லை, பழைய லேத்களின் மேல் வேகமும் பெரும்பாலும் ஆயிரத்தைத் தொடாது.

இங்கே நன்றாக வருபவை: 60, 70 மி.மீ. ஃப்ளைவீல், சிலிண்டர், அடித்தட்டின் முகம். கனமான பெட் (அடிப்படுகை), ஆடாத ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் தண்டு). 70 மி.மீ. வார்ப்பிரும்பை முகம் எடுக்கும்போது (முனைப் பக்கத்தைத் தட்டையாகக் கடையும்போது) மினி லேத் நடுங்கும், இது அசையாது.

சிலிண்டர் துளைக்கு 10 மி.மீ. எச்7 ரீமரை (டிரில் போட்ட துளையைச் சரியான அளவுக்கு முடிக்கும் கருவி) நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள். எச்7 என்றால் துளை 10.000 முதல் 10.015க்குள் வரும். பட்டறையில் கிடக்கும் ரீமர் எத்தனை இரும்பைப் பார்த்ததோ! 9.7 டிரில் போட்டு, முடிந்தால் போரிங் பாரால் (துளைக்குள் நுழைத்துக் கடையும் டூல்) ஒரு சன்ன வெட்டு எடுத்து மையத்தை நேராக்கி, பிறகு ரீமரை மெதுவான சுற்றில் ஒரே போக்காக விட வேண்டும். ரீமர் டிரில் போன வழியிலேயே போகும். டிரில் கோணலாகப் போயிருந்தால் ரீமர் அதை நேராக்காது. துளை எடுத்த அதே பிடியில் சிலிண்டரின் ஒரு முகத்தையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மூடி உட்காரும் முகம் துளைக்குச் செங்குத்தாக அமைய அதுவே சுலபமான வழி.

சின்ன விட்டங்களில் பட்டறை திணறும். பெரிய சக் 3 மி.மீ. கம்பியைக் கவ்வாது, கவ்வினாலும் தாடைகளின் வாய் தேய்ந்திருந்தால் உள்பக்கம் மட்டும் பிடித்து முனை ஆடும். இதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. 16 மி.மீ. பித்தளைத் துண்டை சக்கில் மாட்டி, அங்கேயே 3 மி.மீ. துளை போட்டு ரீமர் விடுங்கள். ஒன்றாம் நம்பர் தாடைக்கு நேரே ஒரு புள்ளி குத்திக்கொண்டு, கழற்றி, ஹேக்சா பிளேடால் ஒரு பக்கம் மட்டும் நீளமாகக் கீறுங்கள். புள்ளியைப் பழைய தாடைக்கு நேரே வைத்துத் திரும்ப மாட்டினால் அதுவே காலெட். சக்கின் ஆட்டம் துளையிலும் சேர்ந்தே இருப்பதால் மையம் ஏறத்தாழ அப்படியே கிடைக்கும். பத்து நிமிட வேலை. இதைக் கேட்டதும் ஆர்வமாகிற டர்னரை விட்டுவிடாதீர்கள். உங்கள் எஞ்சினுக்கு ஆள் அவர்தான்.

மறைந்த செலவு இங்கே காத்திருப்பு. பெரிய ஜாப் வந்தால் உங்கள் கிளாண்ட் மேசை டிராயருக்குள் போய்விடும். சித்திரைத் திருவிழா, ஆயுத பூஜை, முகூர்த்த நாள் எல்லாவற்றையும் கணக்கில் வையுங்கள். இன்னொன்று பேச்சுக் குழப்பம். ‘நூல்’ என்றால் எட்டில் ஒரு அங்குலம், 3.175 மி.மீ. என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ‘ரெண்டு பாயிண்ட்’ என்று வாயால் சொன்னால் ஒருவர் 0.2 என்றும் இன்னொருவர் 0.02 என்றும் எடுத்துக்கொள்ளக்கூடும். எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். எந்த அளவு முக்கியம், எது எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்பதை இரண்டு நிறத்தில் எழுதினால் உங்களுக்கும் செலவு குறையும், அண்ணனுக்கும் எரிச்சல் குறையும்.

## மினி லேத்

7×12, 7×14 (அங்குலம்) என்று விற்கும் சீன வகை: பெட்டுக்கு மேல் சுமார் 180 மி.மீ. விட்டமுள்ள பாகம் சுழலும், எடை 40 கிலோவை ஒட்டி, மேல் வேகம் 2,500 சுற்று. அந்த வேகத்தில் 3 மி.மீ. பித்தளை நிமிடத்துக்கு 23 மீட்டருக்கு மேல் வெட்டும். போதும். 1 மி.மீ. டிரிலும், விட்டு விட்டு எடுத்தால், பிழைக்கும்.

வாங்கிய அன்றே வேலை தொடங்க முடியாது. துருக்காப்பு மசகைத் துடைத்து, கிப் திருகுகளைத் தளர்ச்சி போகும்படி சரிசெய்து, டெயில்ஸ்டாக் (எதிர்முனையில் டிரிலைப் பிடிக்கும் தலை) மையத்தை ஸ்பிண்டிலோடு பொருத்திப் பார்க்க வேண்டும். டெயில்ஸ்டாக் 0.1 மி.மீ. தள்ளி நின்றால் 10 மி.மீ. ரீமர் துளையின் வாயை அகலமாக்கும், 1 மி.மீ. டிரில் ஒடியும். டூல் உயரமும் அப்படித்தான். மையத்துக்கு 0.1 கீழே இருந்தால் முகம் எடுக்கும்போது நடுவில் 0.2 மி.மீ. குமிழ் நிற்கும். ஃப்ளைவீலில் கண்ணுக்குப்படாத அந்தப் பிழை 2 மி.மீ. பின்னில் பத்தில் ஒரு பங்கு.

பித்தளைக்கு டூலின் மேல்முகம் சரிவில்லாமல் தட்டையாக இருக்கட்டும். டிரிலின் வெட்டு விளிம்பையும் எண்ணெய்க் கல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். செய்யாவிட்டால் துளை மறுபக்கம் திறக்கும் கணத்தில் டிரில் பித்தளைக்குள் திருகாணிபோல் ஏறி, வேலையைச் சுழற்றியடிக்கும் அல்லது ஒடியும். இரும்புக்கும் பித்தளைக்கும் டிரில் செட்டைத் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது.

மறைந்த செலவு அதிகம் இங்கேதான். லேத்தின் விலையோடு கணக்கை முடிக்காதீர்கள். ஈ.ஆர்.25 காலெட் சக், காலெட்டுகள், நான்கு தாடைச் சக், டிரில் சக், டூல் போஸ்ட், பெஞ்ச் கிரைண்டர், 0–25 மைக்ரோமீட்டர், டயல் கேஜ், ரீமர்கள், எம்2, எம்3 மரை வெட்டும் டேப்-டை எல்லாம் சேர்ந்தால் லேத்துக்குக் கொடுத்த அளவுக்கு இன்னொரு முறை கொடுத்திருப்பீர்கள். மின்சாரச் செலவு பொருட்டே இல்லை, மணிக்கு அரை யூனிட்டைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் குறைந்த சுற்றில் டூல் மாட்டி மோட்டார் நின்றால் கண்ட்ரோல் போர்டு போகும், பிளாஸ்டிக் கியரின் பல் உடையும். மாற்றுப் போர்டு வரும்வரை லேத் சும்மா கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டில் எண்ணெய் பூசாமல் ஒரு வாரம் விட்டால் செம்புள்ளி விழும்.

இன்னொன்று: நம் வீடுகளில் வெறுங்காலோடுதான் நடப்போம். பித்தளைப் பிசிறு ஊசிபோல் தெறித்துப் பாயிலும் மிதியடியிலும் ஏறும். தனி அறை இல்லையென்றால் மூன்று பக்கமும் அட்டை கட்டி, வேலை செருப்பை அந்த இடத்திலேயே கழற்றுங்கள். குழந்தைகள் தவழும் வீட்டுக் கூடத்தில் லேத் வேண்டவே வேண்டாம்.

காலெட்டில் ஒரு சூட்சுமம். ஈ.ஆர். காலெட் தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது கம்பியைப் பிடிக்க வேண்டும். 5 மி.மீ. நீளத் துண்டை வாயில் மட்டும் மாட்டினால் காலெட் கோணலாக இறுகும், துண்டும் ஆடும். பின்பக்கம் அதே விட்டத்தில் இன்னொரு துண்டைச் செருகிவிட்டு இறுக்குங்கள்.

## கடிகார லேத்

8 மி.மீ. காலெட் போடும் சின்ன லேத். கையில் கிரேவரை (சின்ன உளி) பிடித்து, தாங்கியில் ஊன்றிக் கடைவது. காலெட் எண் பெரும்பாலும் மி.மீ.யில் பத்தில் ஒன்று: 20 என்றால் 2.0 மி.மீ. அரை மி.மீ. முதல் 4 மி.மீ. வரையுள்ள பின், எம்1.6 திருகு, எண்ணெய்க் கிண்ணத்தின் மூடி போன்றவற்றுக்கு இதைவிட இனிமையான கருவி கிடையாது. அழுத்தம் விரலில் தெரிவதால் கம்பி வளையப்போவது முன்கூட்டியே தெரியும்.

சிலிண்டர் துளை இதில் நடக்காது. கிரேவர் கை பழக வாரக்கணக்கு ஆகும். பழைய லேத் வாங்கும்போது காலெட்டை இழுக்கும் தண்டின் மரை காலெட்டோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். வேறு வேறு செட்டிலிருந்து சேர்த்த காலெட்டுகள் கலந்து கிடக்கும். காலெட் உட்காரும் கூம்பின் உட்புறத்தில் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. கைக்கடிகாரம் பழுதுபார்த்த மூத்தவர் யாராவது தெரிந்தவராக இருந்தால், லேத்தை வாங்காமல் அவரிடம் நான்கு பின் கடைந்து வாங்கினாலே இந்த எஞ்சினுக்குப் போதும்.

## சி.என்.சி.

ஒரு எஞ்சினுக்கு வேண்டாம். செட்டிங் மூன்று மணி நேரம், ஒரு பாகத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால், ஐந்து பாகம் கடைந்தால் ஒன்றுக்கு 38 நிமிடக் கூலி விழும்; இருநூறு என்றால் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கல்லூரி மாணவர்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரே எஞ்சினைச் செய்கிறார்கள் என்றால் கிளாண்ட் நட், பின், அறுகோண நட் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுக்கலாம். மெல்லிய நீண்ட பாகங்களுக்கு ஸ்விஸ் வகை எந்திரம் உள்ள இடமாகக் கேளுங்கள். அதில் வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு புஷ் கம்பியைத் தாங்குவதால் வளைவுக்கு இடமில்லை. ஒன்றை முதலில் செய்து ஓட்டிப் பார்க்காமல் மொத்தமாகக் கொடுத்தால், வரைபடத்தில் உள்ள தவறு இருநூறிலும் அச்சுப் பிசகாமல் வந்து சேரும்.

| | பட்டறை லேத் | மினி லேத் | கடிகார லேத் | சி.என்.சி. |
|---|---|---|---|---|
| நன்றாக வருவது | சிலிண்டர், ஃப்ளைவீல் | பிஸ்டன், கிளாண்ட், 2–20 மி.மீ. | 0.5–4 மி.மீ. பின், திருகு | ஒரே பாகம் நூற்றுக்கணக்கில் |
| திணறுவது | 3 மி.மீ.க்குக் கீழ் | 60 மி.மீ.க்கு மேல் வார்ப்பிரும்பு | துளை, ரீமர் வேலை | ஒற்றைப் பாகம் |
| பொருத்திப் பார்ப்பது | டர்னரின் பொறுமை | நீங்களே | நீங்களே | யாருமில்லை |
| மறைந்த செலவு | காத்திருப்பு, அலைச்சல் | உபகரணம், பழகும் காலம் | பொருந்தாத காலெட், கைப்பழக்கம் | செட்டிங் |
| யாருக்கு | ஒரே ஒரு எஞ்சின் | மூன்றுக்கு மேல் செய்யும் எண்ணம் | நுண்வேலையே விருப்பம் | குழுவாகச் செய்வோர் |

## அந்த ஐந்து பாகங்கள்

சிலிண்டர் துளையைப் பட்டறைக்கே கொடுங்கள், மினி லேத் வைத்திருந்தாலும் முதல் எஞ்சினுக்கு அதுவே நல்லது.

பிஸ்டனை எங்கே கடைந்தாலும் வரிசை ஒன்றே. விட்டத்தில் 0.3 மி.மீ. அதிகமாக விட்டு, நடுவில் எம்3 மரை போட்டு, தண்டின் மேல் இறுக்கிவிடுங்கள். பிறகு தண்டைக் காலெட்டிலோ மேலே சொன்ன கீறிய பித்தளைத் துண்டிலோ பிடித்து, வெளிவிட்டத்தை முடியுங்கள். தண்டும் பிஸ்டனும் ஒரே மையத்தில் நிற்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. தண்டை நீங்கள் கடையாதீர்கள், 3 மி.மீ. தீட்டிய ஸ்டெயின்லெஸ் கம்பியே வாங்குங்கள். பிஸ்டனின் உடம்பில் அரை மி.மீ. அகல வளையப் பள்ளம் இரண்டு வெட்டினால் எண்ணெய் தங்கும்.

பொருள் தேர்வில் ஒரு வழுக்கல் இருக்கிறது. டெஃப்லான் வழவழப்பாக இருக்கிறதே என்று பிஸ்டனை முழுக்க அதிலேயே செய்பவர்கள் உண்டு. டெஃப்லான் வெப்பத்தில் பித்தளையைப் போல ஆறு மடங்குக்கு மேல் விரியும். 100 டிகிரி ஏறினால் 10 மி.மீ. பிஸ்டன் 0.12 மி.மீ. பருக்கும், துளை 0.02 கூடப் பெருக்காது. காற்றில் அழகாக ஓடிய எஞ்சின் நீராவியில் இறுகி நிற்கும். பித்தளைத் துளைக்குப் பித்தளை அல்லது வெண்கலப் பிஸ்டன் போதும். மதுரை வெயிலில் அளவு மாறுமே என்ற கவலை வேண்டாம்: பத்து டிகிரி வித்தியாசத்துக்கு 10 மி.மீ. பித்தளை 0.002 மி.மீ. கூட விரியாது.

கிளாண்டில் உள்துளை, வெளிமரை, மூடிக்குள் உட்காரும் தோள் மூன்றும் ஒரே பிடியில் வர வேண்டும். கழற்றி மாட்டினால் தண்டு ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் கசியும். கசிவை அடக்க கிராஃபைட் நூலை இறுக்குவீர்கள். எஞ்சின் கையால் சுற்றினாலே கனக்கும். மினி லேத் வாங்க ஒரே ஒரு நியாயம் சொல்லச் சொன்னால் கிளாண்டைத்தான் சொல்வேன்.

பிவட் பின்னும் நீராவி முகமும் சேர்ந்து ஒரே கணக்கு. கிராங்க் ஆரம் 8, பிவட்டிலிருந்து கிராங்க் மையத்துக்கு 48 என்றால், பிவட்டிலிருந்து 12 மி.மீ. தள்ளியுள்ள சிலிண்டரின் நீராவித் துளை பக்கவாட்டில் 12 × 8 ÷ 48 = 2 மி.மீ. ஆடும். எனவே அசையாமல் நிற்கும் முகத்தில், சிலிண்டரின் ஒவ்வொரு நீராவித் துளைக்கும் எதிரே உள்ள இரண்டு துளைகளும் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 2 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். எல்லாத் துளைகளும் 2 மி.மீ.க்குள் இருந்தால்தான் முனைப்புள்ளியில் (பிஸ்டன் திசை மாறும் இடம்) நீராவி அடைபடும். 1.8 போடுங்கள், 0.2 மூடல் கிடைக்கும். ஒரு துளை நடுக்கோட்டை நோக்கி 0.3 விலகினால் அந்தப் பக்கத்து மூடல் போய், முனைப்புள்ளியிலேயே துளை திறந்து நிற்கும். கண்ணால் புள்ளி குத்தி எடுக்கிற காரியம் இல்லை இது. 12 மி.மீ. தள்ளி இரண்டு துளை உள்ள ஒரு எஃகுத் தகட்டை ஜிக்காக (டிரிலுக்கு வழிகாட்டி) செய்து, பிவட் துளையில் பின் போட்டு நிறுத்தி, அதன் வழியே எல்லாத் துளைகளையும் எடுங்கள். இதற்கு லேத்தே வேண்டாம். நல்ல பெஞ்ச் டிரில் போதும்.

சின்ன மரைகளுக்கு: எம்2க்குப் பாடப்புத்தகம் 1.6 டிரில் சொல்லும், 1.65 போடுங்கள். எம்1.6க்கு 1.25க்குப் பதில் 1.3. மரையின் ஆழம் 77 சதவீதத்திலிருந்து 66, 67க்குக் குறையும். பித்தளையில் அந்தப் பிடிப்பு தாராளம், டேப் ஒடிவது வெகுவாகக் குறையும். ஒடிந்த எம்1.6 டேப்பைச் சிலிண்டரிலிருந்து எடுப்பதைவிடப் புதுச் சிலிண்டர் கடைவது சுலபம்.

கம்பி வாங்கும்போது எளிதில் வெட்டுப்படும் ஈயம் கலந்த பித்தளை என்று கேளுங்கள். பாத்திரப் பித்தளையின் துண்டு மலிவாகக் கிடைத்தாலும் அது டிரிலில் இழுத்துக்கொள்ளும். கடையில் ஹேக்சாவால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள்: பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது கடைசலுக்கானது, சுருள் சுருளாக வந்தால் வேறு. கிராங்க், மூடி விளிம்பு போன்றவற்றைப் பொடி வைத்து ஊத (வெள்ளிப் பற்று உருக்கி ஒட்ட) வேண்டியிருந்தால் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கத்து நகைப் பட்டறைக் கைகளுக்கு நிகரில்லை. காட்மியம் கலக்காத வெள்ளிப் பொடியாகக் கேளுங்கள். காட்மியப் புகை நுரையீரலைப் பாழாக்கும்.

இன்னும் முடிவெடுக்க முடியாதவர்கள் எதையும் வாங்க வேண்டாம். ரீமரும் மைக்ரோமீட்டரும் மட்டும் வாங்கி, சிலிண்டரையும் பிஸ்டனையும் பட்டறையில் கடைந்து வாருங்கள். கீழ் மூடி போடும் முன், இரண்டிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, சிலிண்டரை நிமிர்த்திப் பிடித்து, மேல் மூடியைப் போட்டு, சிலிண்டரின் மேல்முனை நீராவித் துளையை விரலால் அடையுங்கள். பிஸ்டன் தண்டோடு அப்படியே தொங்கி நிற்க வேண்டும். விரலை எடுத்ததும் தன் எடையில் வழுக்கி இறங்க வேண்டும். விரல் இருக்கும்போதே இறங்கினால் பிஸ்டனை மட்டும் புதிதாகக் கடையலாம். அதை 0.01 பெரிதாக எடுத்துத் தரச் சொல்லும்போது டர்னர் முகம் சுளிக்காமல் சக்கில் மாட்டுகிறாரா என்று பாருங்கள். மாட்டினால் மினி லேத்துக்கு வைத்திருக்கும் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.